ஆய்வுக்கு மட்டும்: காயமாற்றும் பெப்டைடுகளும் கணக்கில் வராத மனிதர்களும்

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி. வாயில் சாம்பல் நிற ரப்பர் அடைப்பு, அதைச் சுற்றி அலுமினிய வளையம். அடியில் வெள்ளையாக ஒரு சிறு வில்லை ஒட்டியிருக்கிறது. விரலால் தட்டினால் பொடியாக உதிர்கிறது. உறையவைத்து உலர்த்திய பெப்டைடு அது. மேலே ஒட்டிய தாளில் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று. இந்தக் குப்பியை விற்கும் இணையக் கடைகள் பலவற்றில், பென்சைல் ஆல்கஹால் கலந்த ஊசி நீரும் சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் மெல்லிய இன்சுலின் ஊசியும் கூடவே கிடைக்கின்றன. குப்பி எங்கே போகப்போகிறது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

வாங்குகிறவர் யார்? தோள்பட்டை வலியால் பந்து வீச முடியாமல் தவிக்கும் இளைஞர். மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போயும் முழங்கை வலி தீராதவர். குதிகாலில் வலி வந்து ஓட்டத்தை விட்டவர். அவர்களுடைய வலி உண்மையானது. 'கொஞ்ச நாள் பொறுத்திருங்கள்' என்பதற்கு மேல் மருத்துவம் அவர்களுக்குப் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை என்பதும் உண்மை. அவர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. தம் உடம்பிலேயே அவர்கள் நடத்தும் பரிசோதனையை எங்கும் யாரும் குறித்துவைப்பதில்லை என்பதே என் கவலை. ஆய்வகத்து எலிக்கு ஓர் எண் உண்டு. அதன் எடை குறிக்கப்படும். ஊசி போட்ட நாளும் இறந்த நாளும் ஏட்டில் ஏறும். இந்தக் குப்பியை வாங்கும் மனிதருக்கு அதுகூட இல்லை.

அமினோ அமிலங்கள் மணிகளைப் போலக் கோக்கப்பட்ட சிறு மாலைதான் பெப்டைடு. மாலை நீண்டு, மடிந்து, ஒரு வடிவம் எடுத்துவிட்டால் அதைப் புரதம் என்கிறோம். காயமாற்றும் பெப்டைடு என்ற பெயரில் இன்று மிக அதிகமாகப் பேசப்படுவது பி.பி.சி.-157. 'உடலைக் காக்கும் சேர்மம்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 15 அமினோ அமிலங்கள் கொண்ட தொடர் இது. குரோயேஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தில் பிரெட்ராக் சிகிரிச்சும் அவருடைய குழுவினரும் 1990களின் தொடக்கத்திலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். மனித இரைப்பைச் சாறில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டு என்று அதை அறிமுகப்படுத்தினார்கள். 'இது உடம்பிலேயே இயற்கையாகச் சுரப்பதுதான்' என்று விற்பனையாளர்கள் சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தாய்ப் புரதத்தின் முழு வரிசை இன்றுவரை உறுதியாகக் காட்டப்படவில்லை. குப்பியில் இருப்பதோ முழுக்க முழுக்க ஆலையில் கோத்த செயற்கைத் தொடர்.

எலிகளில் கிடைத்த முடிவுகள் ஆர்வமூட்டுபவை. குதிகால் தசைநாணை வெட்டிவிட்டு இந்தப் பெப்டைடைக் கொடுத்த எலிகள், கொடுக்கப்படாத எலிகளைவிட விரைவாக நடந்தன. அவற்றின் தசைநாண் அதிக இழுவிசையைத் தாங்கியது. குடல் புண், தசைக் கிழிவு, எலும்பு முறிவு என்று பட்டியல் நீள்கிறது. ஸாக்ரெப் குழுவோடு தொடர்பில்லாத தைவான் ஆய்வாளர்கள் 2011இலும் 2014இலும் எலித் தசைநாண் செல்களை வளர்ப்புக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் விரைந்து இடம்பெயர்ந்ததையும், அவற்றின் மேல் வளர்ச்சி இயக்குநீரை ஏற்கும் வாங்கிகள் கூடியதையும் கண்டார்கள். ஆகவே இது வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்க நான் விரும்பவும் இல்லை.

தசைநாண் ஏன் இவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த ஆர்வமும் புரியும். தசையை எலும்போடு கட்டும் கயிறு அது. அதன் உலர்ந்த எடையில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிச் சுற்றிய கயிறுதான் கொலாஜனின் அமைப்பு என்ற மாதிரியை 1954-55இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது மணி தவறாமல் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று இழைகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ள முடியும். கயிறு அறுந்தால் உடம்பு முதலில் தரம் குறைந்த கொலாஜனை அவசரமாகக் கொண்டுவந்து கொட்டுகிறது. பிறகு மாதக்கணக்கில் அதைக் கரைத்து, வலுவான இழையாக மாற்றி, இழுவிசை வரும் திசையில் அடுக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் எல்லாமே மெதுவாக நடக்கிறது. ரத்த நாளங்களை அங்கே வளரவைத்தால் வேலை வேகம் பிடிக்கும் அல்லவா? பி.பி.சி. செய்வதும் அதைத்தான் என்று அதன் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாளங்களை வளரத் தூண்டும் வாங்கிகளை அது கூட்டுகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இளம் எலியின் நல்ல தசைநாணைக் கத்தியால் வெட்டினால் அது எப்படியும் சில வாரங்களில் ஆறிவிடும். நாற்பது வயதுக்காரரின் தோளில் இருப்பது கத்திக் காயம் இல்லை. பல ஆண்டுத் தேய்மானத்தில் நைந்துபோன கயிறு அது. முதல் காயத்துக்கு உதவும் பொருள் இரண்டாவதற்கும் உதவும் என்று நம்ப இதுவரை ஆதாரம் கிடையாது.

மனிதர்களிடம் நடந்தது என்ன? எலும்பு, மூட்டு, விளையாட்டுக் காயங்கள் தொடர்பான பி.பி.சி. ஆய்வுகளைத் திரட்டி 2025இல் ஒரு மதிப்பாய்வு வெளிவந்தது. அதில் எடுத்துக்கொண்ட 36 ஆய்வுகளில் 35 ஆய்வுகள் விலங்குகளிலோ செல் வளர்ப்பிலோ நடந்தவை. மனிதர்களைப் பற்றியது ஒன்றே ஒன்று. அதிலும் முழங்கால் மூட்டில் ஊசி போட்டுக்கொண்ட 16 பேரிடம் பின்னாளில் 'வலி எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் குறைந்திருக்கிறது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஊசியே போடாத குழுவும் இல்லை, வெறும் உப்பு நீர் ஊசி போட்ட குழுவும் இல்லை.

ஒப்பீட்டுக் குழு என்பது ஆய்வாளர்களின் சம்பிரதாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். முழங்கால் விஷயத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஹூஸ்டன் நகரில் ப்ரூஸ் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் காட்டினார். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார். சிலருக்கு மூட்டுக்குள் கருவி விட்டுச் சுத்தம் செய்யும் உண்மையான அறுவை சிகிச்சை நடந்தது. சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நலமாக இல்லை. 2002இல் அந்த முடிவு வெளியானது. கீறித் தைக்கப்பட்டவர்களும் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சையைத் தேடுகிறோம், அதன்பின் அது தானாகவும் இறங்கும். 16 பேரின் சொல்லை வைத்துக்கொண்டு மருந்தை அளக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி குப்பிக்குள் இருப்பதைப் பார்ப்போம். 1963இல் அமெரிக்காவின் ப்ரூஸ் மெரிஃபீல்டு பெப்டைடுகளைக் கோக்க ஒரு வழியை வெளியிட்டார். நுண்ணிய பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தை ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாக மேலே கோத்துக்கொண்டே போய், கடைசியில் அமிலத்தால் கழற்றி எடுப்பது. 1984இல் அதற்கு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஆலைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் பெப்டைடு செய்கின்றன. ஒவ்வொரு கோப்பும் 99 சதவீதம் சரியாக நடந்தால்கூட, 15 மணி மாலைக்குத் தேவையான 14 கோப்புகளின் முடிவில் முழு மாலையாக நிற்பது ஏறக்குறைய 87 சதவீதம்தான். 43 மணி மாலையென்றால் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். மிச்சம் நடுவில் ஒரு மணி விட்டுப்போனவை, பாதியில் நின்றவை. மருந்தாலையின் உண்மையான வேலை கோப்பதற்குப் பிறகே தொடங்குகிறது: இந்த அரைகுறைகளை வடித்தெடுக்க வேண்டும், வடிந்துவிட்டதா என்று நிரூபிக்கவும் வேண்டும்.

விற்பனையாளர்கள் '99 சதவீதத் தூய்மை' என்று ஒரு சான்றிதழைக் காட்டுவார்கள். மலையும் பள்ளமுமாக ஒரு வரைபடம், அதில் ஓங்கி நிற்கும் ஒரே ஒரு கூர்முனை. அந்தத் தாள் எந்தக் குப்பியைச் சோதித்து எடுக்கப்பட்டது, உங்கள் கையில் இருப்பது அதே தொகுதியைச் சேர்ந்ததா என்பதெல்லாம் நம்பிக்கையின் பேரில்தான். தாள் உண்மையானதாகவே இருக்கட்டும்; அது சொல்லாத ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவின் புறச்சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நச்சை அந்த வரைபடம் பிடிக்காது. பாக்டீரியா செத்தாலும் நச்சு சாகாது; சாதாரணமாகக் கொதிக்கவைத்தாலும் போகாது. ஊசி வழியே ரத்தத்தில் சேர்ந்தால் குளிர்க்காய்ச்சலில் தொடங்கி ரத்த அழுத்தம் வீழ்வது வரை கொண்டுபோகும். ஊசி மருந்து செய்யும் ஆலைகள் இதற்கெனத் தனிச் சோதனை செய்தாக வேண்டும். குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு அதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று எழுதி விற்பவரை இந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

தூய்மை என்ற சொல்லின் எடையை மருத்துவ வரலாற்றில் இன்சுலின் அளவுக்கு வேறெதுவும் காட்டியதில்லை. அதுவும் ஒரு பெப்டைடுதான், 51 அமினோ அமிலங்கள் கொண்டது. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில், சர்க்கரை நோயால் எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சர்க்கரை சற்றே இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி எழும்பியது. சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் கோலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவும் பகலுமாக உழைத்து அந்தச் சாறைச் சுத்தப்படுத்தினார். 12 நாள் கழித்து, ஜனவரி 23 அன்று போட்ட ஊசியில் சிறுவன் தேறத் தொடங்கினான். அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இரண்டு ஊசிகளிலும் இருந்தது ஒரே மருந்துதான். இடையில் நடந்தது சுத்திகரிப்பு ஒன்றே.

இதைவிடப் பெரிய ஆபத்து உடம்பின் காவல்படையிடமிருந்து வரலாம். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு எரித்ரோபொயட்டின் என்ற புரதம் ஊசியாகத் தரப்படுகிறது. ஐரோப்பாவில் விற்ற ஒரு வகையில் 1998இல் மருந்தைக் கெடாமல் காக்கும் துணைப்பொருளை மாற்றினார்கள். மருந்து அதேதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் உடம்பு அந்த ஊசிக்கு எதிராக எதிர்ப்பான்களை உண்டாக்கியது. அந்த எதிர்ப்பான்கள் ஊசியோடு நிற்கவில்லை. நோயாளியின் உடம்பில் இயல்பாகச் சுரந்த கொஞ்சநஞ்ச எரித்ரோபொயட்டினையும் தாக்கின. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. காரணம் தேடியவர்கள் சந்தேகப்பட்டவற்றில் ஒன்று, ஊசிக் குழலின் ரப்பர் அடைப்பிலிருந்து கசிந்த வேதிப்பொருள். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த அந்தச் சாம்பல் நிற அடைப்பை ஒரு நிமிடம் மனத்தில் கொண்டுவாருங்கள்.

பரிசோதனைகள் அத்தனையும் முடித்துவந்த பெப்டைடுகூடத் தவறியிருக்கிறது. அதே ரத்தசோகைக்காக உருவாக்கப்பட்ட பெகினசடைடு என்ற செயற்கைப் பெப்டைடுக்கு 2012 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஓராண்டுக்குள் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். முதல் ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது, சிலர் இறந்தார்கள். 2013 பிப்ரவரியில் நிறுவனமே மருந்தைத் திரும்பப் பெற்றது. சோதனைகளில் சிக்காத ஆபத்து ஏட்டினால் சிக்கியது. எந்தத் தொகுதி, எந்த மையம், எந்த நோயாளி, எத்தனையாவது நிமிடம் என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதனால் ஆயிரத்தில் ஓரிருவருக்கு நேர்ந்ததைக்கூடக் கண்டுபிடிக்க முடிந்தது. அஞ்சலில் வந்த குப்பியால் ஒருவர் இறந்தால் எந்த ஏட்டில் ஏறும்?

ரத்த நாளம் வளர்வது தசைநாணுக்கு நல்லது என்றோம். புற்றுக்கட்டிக்கும் அது நல்லதே. தனக்கென ரத்த நாளங்களை வளர்த்துக்கொள்ளாமல் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் பெருக முடியாது என்று 1971இல் ஜூடா ஃபோக்மன் எழுதினார். நாளங்களைத் தடுத்துப் புற்றை மட்டுப்படுத்தும் மருந்துகள் பல அந்தச் சிந்தனையிலிருந்து பிறந்தவை. பி.பி.சி. புற்றுநோயைத் தூண்டுகிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிக் காட்டப்படவும் இல்லை. தூண்டாது என்றும் காட்டப்படவில்லை. ஏற்கெனவே அறியாமல் ஒரு சிறு கட்டியைச் சுமந்திருப்பவர் மாதக்கணக்கில் இதை ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் தேடி நீண்ட கால ஆய்வு எதுவும் நடக்கவில்லை.

முறையான மருந்துகள் இதே ஐயத்தை எப்படிச் சுமந்தன என்று பாருங்கள். குறுகிய குடல் நோய்க்கு டெடுகுளுடைடு என்ற 33 அமினோ அமிலப் பெப்டைடு 2012இல் ஒப்புதல் பெற்றது. குடலின் உட்சுவரை உண்மையாகவே வளர்க்கும் மருந்து அது. வளர்ச்சியைத் தூண்டுவது கழலையையும் வளர்க்குமோ என்ற அச்சத்தால், பெரியவர்களுக்கு மருந்து தொடங்கும் முன் ஆறு மாதத்துக்குள் பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஓராண்டு கழிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்று விதித்தார்கள். எலும்பை வளர்க்கும் டெரிபராடைடு என்ற 34 அமினோ அமிலப் பெப்டைடு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. எலிகளில் அது எலும்புப் புற்றை உண்டாக்கியது. 2002இல் ஒப்புதல் தரும்போது அந்தச் செய்தியைக் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையாக அச்சிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடக் கூடாது என்றார்கள். பிறகு மருந்து எடுத்துக்கொண்டவர்களை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். மனிதர்களிடம் புற்று கூடவில்லை என்று தெரிந்தபின் 2020இல் அந்தக் கட்டத்தை நீக்கினார்கள். எலிக்கு நடந்தது மனிதருக்கு நடக்கவில்லை. எலிக்குக் கிடைத்த நன்மை மனிதருக்கும் அப்படியே வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், தீமை விஷயத்தில் எலியும் மனிதரும் எவ்வளவு விலகி நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கணக்கில்லாத ஊசி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் எஸண்டன் கால்பந்துக் கழகத்தின் கதையைவிட விரிவான பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. மெல்பர்ன் நகரின் பழம்பெருமை வாய்ந்த கழகம் அது. 2012 பருவத்தில் வீரர்களைக் காயத்திலிருந்து விரைவில் மீட்டு வலுவூட்டுவதற்காக ஓர் ஊசித் திட்டம் நடந்தது. வீரர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் இருந்த பெயர்களில் ஒன்று 'தைமோசின்'. எந்தத் தைமோசின்? அந்தப் பெயரில் ஆல்பா-1 என்று ஒன்று உண்டு, பீட்டா-4 என்று இன்னொன்று உண்டு. முன்னது நோய் எதிர்ப்பு ஆற்றலோடு தொடர்புடையது. பின்னது 43 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லின் உட்சட்டகமான ஆக்டினோடு பிணைந்து, செல் இடம்பெயர்வதிலும் காயம் ஆறுவதிலும் பங்கெடுப்பது. விளையாட்டில் தடைசெய்யப்பட்டது பீட்டா-4.

2013 பிப்ரவரியில் கழகமே முன்வந்து விசாரணை கோரியது. கழகம் அமர்த்திய ஸிக்கி ஸ்விட்கோவ்ஸ்கி தம் அறிக்கையில், முறையாகக் கட்டுப்படுத்தப்படாத, கேள்வி கேட்கப்படாத, எழுதிவைக்கப்படாத மருந்துப் பரிசோதனைச் சூழல் அங்கே நிலவியதாகச் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்டில் கழகத்துக்கு 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஹெர்டுக்கு ஓராண்டுத் தடை. 2015 மார்ச்சில் உள்நாட்டுத் தீர்ப்பாயம் வீரர்களை விடுவித்தது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை மேல்முறையீடு செய்தது. 2016 ஜனவரி 12 அன்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 34 வீரர்களையும் குற்றவாளிகள் என்று தீர்த்து இரண்டாண்டுத் தடை விதித்தது. சிறுநீர்ச் சோதனையில் சிக்கி வந்த தீர்ப்பு அன்று அது. சாட்சியங்களையும் கொள்முதல் தடயங்களையும் புரிபுரியாக முறுக்கிக் கோத்த தீர்ப்பு. ஊக்கமருந்துச் சோதனைப் படிவங்களில் வீரர்கள் இந்த ஊசிகளைக் குறிப்பிடாததும் அவர்களுக்கு எதிராக நின்றது. அணித் தலைவர் ஜோப் வாட்சன் 2012இல் சிறந்த வீரராகப் பெற்ற பிரவுன்லோ பதக்கத்தைத் திருப்பித் தந்தார்.

பதக்கம் போனதைவிட என்னை உலுக்குவது வேறொன்று. தங்கள் உடம்பில் ஏறியது எது என்பதை உறுதியாகக் காட்ட அந்த வீரர்களிடம் ஓர் ஏடு இல்லை. அபராதங்களும் தீர்ப்புகளும் மேல்முறையீடுகளும் அந்த ஒரு கேள்விக்கான பதிலை அவர்கள் கையில் ஆவணமாகத் தரவில்லை. பிள்ளை பெறப்போகும் வயதில் இருந்த இளைஞர்கள் அவர்கள்.

தைமோசின் பெயர்க் குழப்பம் இன்றும் தீரவில்லை. டி.பி.-500 என்று விற்கப்படுவது சில இடங்களில் முழு பீட்டா-4. சில இடங்களில் அதன் நடுவிலிருந்து எடுத்த ஏழே அமினோ அமிலத் துண்டு. முழு பீட்டா-4ஐக் கண் சொட்டு மருந்தாக ஒரு நிறுவனம் முறையான பரிசோதனைகளில் சோதித்தது. இதுவரை மருந்தாக ஒப்புதல் கிடைக்கவில்லை. முழு மூலக்கூறைப் பற்றிய ஆய்வைக் காட்டித் துண்டை விற்பது நடக்கிறது. இரண்டும் ஒன்றாகா.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் மருத்துவரின் சீட்டுக்கேற்பச் சில மருந்தகங்கள் தாமே மருந்து தயாரித்துத் தரலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒரு நிறுவனம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை இருந்தது. 2012இல் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் அதைப் போட்டுக்கொண்டவர்களில் 750க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே சட்டம் இறுகியது. எந்தெந்த மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்கலாம் என்ற பட்டியலில், பாதுகாப்புக் கவலைக்குரியவை என்ற பிரிவில் பி.பி.சி.-157ஐயும் பீட்டா-4இன் அந்தத் துண்டையும் 2023 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சேர்த்தது. எதிர்ப்பான் உருவாகும் ஆபத்து, பெப்டைடு சார்ந்த மாசுகள், மனிதர்களுக்குத் தீங்கு நேருமா என்று முடிவுசெய்யப் போதிய தரவின்மை ஆகியவையே சொல்லப்பட்ட காரணங்கள். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2022 முதல் பி.பி.சி.யைப் பெயர் சொல்லியே தடைசெய்திருக்கிறது. விளையாட்டு வீரர்கள் 'மருத்துவர்தான் கொடுத்தார்' என்று சொல்லித் தப்ப முடியாது.

எதிர்க்குரலும் வலுத்திருக்கிறது. 2024 அக்டோபரில், பின்னாளில் அமெரிக்கச் சுகாதார அமைச்சரான ராபர்ட் கென்னடி ஜூனியர், பெப்டைடுகளை ஒடுக்குவதாக உணவு மருந்து நிர்வாகத்தை வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். பட்டியல்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியவை. பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும் சேர்த்தாலும் எலிக்கும் மனிதருக்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் அப்படியேதான் இருக்கும். தடையை எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஒன்றை மட்டும் நான் ஏற்கிறேன்: முறையான வழியை அடைத்தால் மக்கள் குப்பிச் சந்தைக்குப் போகிறார்கள். அதற்கு மருந்து, முறையான பரிசோதனையை உடனே தொடங்குவதுதான்.

அது ஏன் நடக்கவில்லை? குரோயேஷியாவின் பிளிவா என்ற மருந்து நிறுவனம் ஒருகாலத்தில் பெருங்குடல் அழற்சிப் புண் நோய்க்கு பி.பி.சி.-157ஐ இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை கொண்டுபோனது, மருந்தாக வெளிவரவில்லை. 2015இல் 42 நலமான தன்னார்வலர்களிடம் பாதுகாப்பைப் பார்க்க ஒரு பரிசோதனை பதிவானது. அதன் முடிவுகள் வெளியாகவில்லை. ஒரு பொருள் குப்பியில் தாராளமாக விலைபோகும்போது, பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவழித்து அதை நிரூபிக்க எந்த நிறுவனத்துக்கும் அவசரமில்லை. அரசு ஆய்வு நிதியால்தான் இந்த இடத்தை நிரப்ப முடியும். சில நூறு நோயாளிகள், ஒரே வகைத் தசைநாண் தேய்மானம், உப்பு நீர் ஊசியோடு ஒப்பீடு, எதிர்ப்பான் சோதனை, சில ஆண்டுத் தொடர் கண்காணிப்பு. பலன் தராது என்று தெரிந்தாலும் அது லட்சக்கணக்கானோரின் பணத்தையும் உடம்பையும் காக்கும். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பெரிய மருத்துவமனைகள் நம் நாட்டிலும் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைக் கையிலெடுத்தால் தவறில்லை.

இந்தியாவில் பி.பி.சி.-157, டி.பி.-500 இரண்டுமே மனிதர்களுக்கு மருந்தாக ஒப்புதல் பெற்றவை அல்ல. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியின்றிப் புதிய மருந்தை நோயாளிகளுக்காக விற்கவோ அவர்களிடம் சோதிக்கவோ முடியாது. 'ஆய்வுக்கு மட்டும்' என்ற அந்த ஒரு வரி இந்த விதிகளைத் தாண்டுவதற்கான பாலமாக இருக்கிறது. குப்பியை எந்தப் பெயரில் விற்றாலும் பக்கத்திலேயே ஊசியை விற்பவர் மருந்து விற்பவர்தான் என்று அதிகாரிகள் முடிவுசெய்தால் பாலம் தானாக உடையும்.

அதுவரை, ஏற்கெனவே இதைப் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கோ புற்றுநோய்ப் பரிசோதனைக்கோ போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். காலிக் குப்பியையும் ஒட்டுத்தாளையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். போட்ட தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். உடம்பில் தடிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல், ஊசி போட்ட இடத்தில் சீழ் என்று எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். போய்வந்த பிறகு இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணுக்கும் தெரிவியுங்கள்: 1800-180-3024. பக்கவிளைவை மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் அங்கே பதிவுசெய்யலாம்.